உப்புச் சாமியாரின் அப்பா

தம்பி,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், புத்தி சொல்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போன மாதம் அடி அண்ணாமலையில், காலை வெயில் சுள்ளென்று ஏறிய நேரத்தில், உன் காலில் விழுந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கைப்பேசி கைப்பேசியாகத் தாவிக்கொண்டிருக்கிறதே அந்தப் படம், அதில் கட்டம்போட்ட சட்டை பிதுங்கத் தரையில் கவிழ்ந்து கிடக்கிற அகலமான முதுகு ஒன்றைப் பார்த்திருப்பாய். யாரோ வெளியூர்ப் பக்தர் என்று நினைத்திருப்பாய். அது உன்னைப் பெற்றவனுடைய முதுகு. இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் படம் ஊருக்கெல்லாம் போய்விட்ட பிறகு பதில் மட்டும் ஏன் உறைக்குள் ஒளிய வேண்டும்? அதனால் ஊரறியவே எழுதுகிறேன். உனக்குப் பெண் தருவதாக நிச்சயமும் செய்துவிட்டு, இப்போது தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கிற போளூர்க்காரரும் படிக்கட்டும்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை என்றாலும், படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் குடைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். பட்டா, பாகப்பிரிவினை, முதியோர் பென்ஷன், மாட்டுக் கொட்டகைக்காரரோடு சண்டை, எது வந்தாலும் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கொடுப்பேன். ஊரின் வம்பெல்லாம் அந்த மேசைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும். அதைத் தவிர எனக்கு இருந்த ஒரே பெருமை, நான் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவன் என்பது. நம் தெருவில் என் பெயரே 'கிரிவலத்தார்'தான். ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஏழுமலையும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினால் தெருவே எழுந்து வழியனுப்பும். மலையைச் சுற்றி எட்டு லிங்கம், எட்டு லிங்கத்துக்கும் எட்டு டீ, நடுவில் மிளகாய் பஜ்ஜி. கிளம்பியபோது இருந்த எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வீட்டுக்குத் திரும்புவோம். ஆனாலும் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு ஒரு முனகல் முனகுவேன் பார், அதற்கு உன் அம்மா வெந்நீர் வைத்துத் தருவாள். அந்த வெந்நீர்தான் என் கோப்பை, பதக்கம் எல்லாம்.

அதில் மண்ணைப் போட்டவன் நீ. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை திடீரென்று ஓட ஆரம்பித்தாய். சரி, தொப்பைக்காக ஓடுகிறான் என்று பார்த்தால் உனக்குத் தொப்பையே இல்லை. அப்புறம் தாடி வந்தது. அப்புறம் செருப்பு போனது. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே கதை சொல்வாய்: பாலைவனத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தவர்கள், ஒரே குன்றில் நாள்கணக்காக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே போக முடியாதபோது பால்கனியிலேயே முன்னும் பின்னும் ஓடித் தீர்த்தவர், பின்பக்கமாகவே ஓடுகிறவர். "ஜெயிச்சா இன்னாடா குடுப்பாங்க?" என்று கேட்டேன். "சிலதுல ஒண்ணுமே குடுக்க மாட்டாங்கப்பா. சும்மாதான்" என்றாய். சும்மா. அந்த ஒரு சொல் மிளகாய் மாதிரி என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் நீ சொன்னாய், காலை சூரியன் எழும்போது கிளம்பி மறுநாள் சூரியன் எழும் வரை மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கப் போகிறேன் என்று. உன் அம்மா பயந்தாள். நான் சிரித்தேன். நீ மூன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாய் அல்லவா, "எம்புள்ள கடைசியா வரல, எல்லாரையும் தொரத்திக்கினு வந்தான்" என்று வருஷக்கணக்காக ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். அந்தச் சிரிப்பைத்தான் மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை சுற்றி முடித்தாய். மூன்றாவது தடவை முடித்தபோது ஏழுமலை என் மேசைக்கு வந்து, "யோவ் கிரிவலத்தார், உம்புள்ள சுத்தறதைப் பாத்தா நம்ம சுத்தறது வாக்கிங் மாதிரி கீதுய்யா" என்றான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அன்று எழுதிக்கொண்டிருந்த மனுவில் மாட்டின் நிறமே மாறிப்போனது. மறுநாள் காலை நீ முடித்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் சுற்றிக்கொண்டே இருக்கிறாய் என்று தெரிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. இவன் நடுவில் எங்கேயோ ஷேர் ஆட்டோவில் ஏறுகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பீரோவில் கைக்கு அகப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன், தலையில் துண்டு. அடி அண்ணாமலையில் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் பதுங்கினேன். பதுங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வண்டிக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக நின்றேன். கோபுரம் தெரிகிற பக்கமாகக் கைகூப்பி ஒன்று வேண்டிக்கொண்டேன்: அண்ணாமலையாரே, இவன் ஆட்டோவில் ஏறிவிட வேண்டும். பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று சாமியிடம் மனுக் கொடுத்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ ஆட்டோவில் வரவில்லை. ஓடியும் வரவில்லை. ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாய். அதுவும் மலைப்பக்க ஓரமாக. இடது பக்கமாகத்தான் மனிதர்கள் போக வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற வழி என்று நம்புகிற ஊர் இது. நீ கூட்டத்துக்கு ஒதுங்கி அந்தப் பக்கமே இரண்டு நாளாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாய். செருப்பில்லாத கால், தாடி, வாய் ஏதோ முணுமுணுக்கிறது. வியர்வை காய்ந்து உப்பு பூத்து நெற்றியில் வெள்ளைப் பட்டை பட்டையாக நிற்கிறது, விபூதி பூசியது மாதிரி. எனக்கே ஒரு கணம் கை கூப்பலாம் போல இருந்தது என்றால், ஆந்திராவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களை என்ன சொல்வது? வேப்பமரத்தடியில் நீ பொத்தென்று உட்கார்ந்தாய். ஒரு பஸ் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் கரும்புச்சாறுக்காரரிடம், "யாருங்க இவரு?" என்று கேட்டார்.

"தெரிலிங்க. நேத்து காத்தாலருந்து சுத்திக்கினே கீறாரு. யாராண்டயும் பேசல, ஒண்ணும் கேக்கல. நான் ஜூஸ் குடுத்தேன், வேணாம்னு கைய ஆட்டிட்டுப் போயிட்டாரு" என்றார் அவர், சாறு பிழிந்துகொண்டே.

போதாதா? இந்த ஊரில் ஒருவரைச் சித்தராக்க இதற்கு மேல் ஒரு சாட்சி தேவையில்லை. ஒரு அம்மாள் உன் முன்னால் வாழைப்பழம் வைத்தாள். இன்னொருத்தி குழந்தையை உன் காலடியில் கிடத்தினாள். வழியோடு போன ஒரு ஆள் மண்டியிட்டு, "சாமி, எம்புள்ளைக்கு வேலை கெடைக்குமா, ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்று அழுதார். தசை பிடித்துக்கொண்டு துடிக்கிற உன் காலுக்கு வேண்டியது உப்பு. "உப்பு" என்றாய். "சாமி உப்புன்னுட்டாரு" என்று அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்நேரம் அவர் பிள்ளைக்கு மளிகைக்கடை வைத்துக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது உன் முகம் கரும்புச்சாறு வண்டிப் பக்கமாகத் திரும்பியது. நீ என்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது? 'அப்பா, இங்க இன்னா பண்றீங்க' என்று கேட்டால் என்ன சொல்வது? ஓடவும் முடியாது, ஓடத் தெரிந்தவன் குடும்பத்தில் நீ ஒருவன்தான். கூட்டம் விழுந்துகொண்டிருந்தது. நானும் அதற்குள் புகுந்து, துண்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையோடு தரையாக விழுந்துவிட்டேன். என் மூக்குக்கும் உன் கால் பெருவிரலுக்கும் நடுவில் ஒரு வாழைப்பழம்தான் இருந்தது. நகம் கறுத்துச் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அந்த நேரத்தில்தான் எவனோ படம் எடுத்திருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் 'கிரிவலப் பாதையில் புதிய சித்தர், பேசுவதே இல்லை, சொன்னது உப்பு என்ற ஒரே சொல்' என்று படம் கிளம்பிவிட்டது. மனு எழுத வந்தவர்களே என்னிடம் காட்டினார்கள். நான் பார்த்தும் பார்க்காதது போல், "அட, அப்படியா" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூர்க்காரர் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தது உனக்குத் தெரியும். "நேரா கேக்கறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி துறவறம் எதுனா வாங்கிக்கினாரா?" என்று கேட்டார். உன் அம்மா சமையலறையிலிருந்து, "துறவறமா? காத்தால வந்து பாருங்க, அவன் துன்ற இட்லியை. சாமியாருக்கு அவ்ளோ இட்லி எவன் குடுப்பான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதுவரை எல்லாம் உன் முன்னால்தான் நடந்தது. உனக்குத் தெரியாதது அதற்கு அப்புறம் நடந்தது. என்னை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், கைப்பேசியில் அந்த முதுகை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"எத்தினியோ பேரு கட்டம்போட்ட சட்டை போடறாங்க."

"இந்தச் சட்டை நிச்சயதார்த்தத்துக்கு நாங்க எடுத்துக் குடுத்தது சார். காலர்ல ரெட்டைத் தையல் கீது பாருங்க. பெத்த அப்பாவே புள்ள கால்ல வுழுந்துக்கினு கீறீங்க. அவரு சாமியார் இல்லைனா நீங்க எதுக்கு வுழுந்தீங்க?"

ஆயிரம் பேருக்குப் பதில் எழுதிக் கொடுத்த என் வாய் அடைத்துப்போனது. உண்மையைச் சொன்னால், பிள்ளை மேல் பொறாமைப்பட்டு வேவு பார்க்கப் போனவன் என்று ஆகும். நல்ல குடும்பம் என்று பேர் வாங்கிக்கொண்டு பெண் கேட்டிருக்கிறோம். என் மௌனத்தை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து உன்னிடம் சொன்னார்: தாடியை எடுத்துவிட வேண்டும், ஓட்டத்தை இத்தோடு விட்டுவிட வேண்டும், அடுத்த மாதம் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பாண்டிச்சேரி ஓட்டமும் கூடாது, இல்லையென்றால் பெண் கொடுப்பதை மறுபடி யோசிக்க வேண்டும். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். "சரிங்க, விட்டுடறேன்" என்றாய். ஆக, நீ விட்டது போளூர்க்காரர் கேட்டதால் இல்லை. ஒரு சட்டையைப் பற்றி உன் அப்பன் வாய் திறக்காததால்.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. நீ அப்படிச் சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது. இனிமேல் இந்தத் தெருவில் கிரிவலத்தார் நான் ஒருவன்தான் என்று ஒரு அற்ப சந்தோஷம். அது மறுநாள் காலை வரைகூடத் தாங்கவில்லை. மழுங்கச் சிரைத்த முகத்தோடு, செருப்பு போட்டுக்கொண்டு, தெருவின் இடது ஓரமாக எல்லோரையும் போல நடந்து போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தாய். உன்னைப் பார்த்து யாரும் திரும்பவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பால் பாக்கெட்டை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். "பால் வாங்கினு வந்தவன் மேல இன்னாத்துக்குக் கோவம்? அது நம்ம புள்ள இல்ல, வேற யாரோ வந்துட்டாப்பல கீது" என்றாள் உன் அம்மா. நான் சொல்ல நினைத்ததை எப்போதும் அவளே சொல்லிவிடுகிறாள்.

அதற்கப்புறம்தான், மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, என் பொறாமை எதன் மேல் என்று புரிந்தது. உன் கால் மேல் இல்லை. என் கால் டீக்கடை டீக்கடையாக நின்று போவதற்கு நன்றாகவே உழைக்கிறது. நான் எழுதுகிற ஒவ்வொரு மனுவிலும் யாரோ ஏதோ வேண்டும் என்கிறார்கள். மலையைச் சுற்றுகிற நாங்களும் அதே மனுவைத்தான் வாயால் சொல்லிக்கொண்டு சுற்றுகிறோம்: வீடு, வேலை, வியாதி குணம், எதிரி நாசம். நீ இரண்டு நாளாக அதே மலையைச் சுற்றிவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டது ஒரு சிட்டிகை உப்பு. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்து இந்த மலைக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால் கும்பிடுகிற ஊர் இது. சும்மா ஓடுகிறவனைப் பார்த்து 'எதுக்கு' என்று கேட்க மட்டும் நமக்கு எங்கிருந்து வாய் வந்தது? பாலைவனத்தில் ஓடுகிறவனும் பால்கனியில் ஓடுகிறவனும் யார் குடியைக் கெடுத்தார்கள்? உன் கதைகளில் வருகிற அந்தக் கிறுக்கர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களைப் பற்றி எவனாவது கேலியாகப் பேசினால் இனி என் மேசையில் அவனுக்கு மனு எழுத மாட்டேன்.

நேற்றுத் திங்கட்கிழமை. கலெக்டரிடம் மனுக் கொடுக்கிற நாள், என் மேசைக்குத் திருவிழா. மேசையை மடித்துவிட்டு, அதே கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போளூர் பஸ் ஏறினேன். போளூர்க்காரர் வெளியே கட்டில் போட்டு நெல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். சட்டையைப் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எம்புள்ள ஓடுவான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன்.

"எதுக்கு ஓடறாருன்னு மொதல்ல சொல்லுங்க சார்."

"தெரியாதுங்க."

"பெத்த உங்களுக்கே தெரிலன்னா?"

"தெரியாததாலதான் வுட்டுடணும்னு சொல்றேன். தெரிஞ்சதையெல்லாம் நானே கெடுத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், காபியும் வந்தது. கொண்டுவந்தது உனக்கு நிச்சயமான மேகலா. டம்ளரை நீட்டும்போது தன் அப்பாவுக்கும் கேட்கிற குரலிலேயே சொன்னாள்: "ஓடக் கூடாதுன்னு நான் சொல்லல மாமா. இந்த வூட்லயும் சரி, உங்க வூட்லயும் சரி, என்னை யாரும் கேக்கல. அவரும் கேக்கல." போளூர்க்காரர் நெல் மூட்டையைத் திரும்ப முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நான் காபியைச் சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னதில் நீ வெட்கப்பட வேண்டியது ஒரு பங்கு இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாய், அவள் அப்பா முகத்தைப் பார்த்தாய், கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கேட்காமலேயே 'விட்டுடறேன்' என்று பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டாய். ஓட்டக்காரனுக்கு நான் புத்தி சொல்ல முடியாது, கல்யாணம் ஆனவன் என்கிற முறையில் சொல்கிறேன்: விடுவதென்றாலும் ஓடுவதென்றாலும் முதலில் அவளைக் கேள். இன்றைக்கே போன் செய். சென்னைக்குத் திரும்பிப் போனதிலிருந்து என் போனை எடுக்காமல் இருப்பது போல அவள் போனையும் எடுக்காமல் இருந்துவிடாதே.

அவள் சரி என்றால், யார் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும், நீ சொன்னபடியே போ. இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி வரை ஓடிப் போய், கடலில் காலை நனைத்துவிட்டு, திரும்பி ஓடி வா. 'பஸ் இருக்குதே' என்று சொல்வார்கள். சொல்லட்டும், பஸ் இருக்கிறது என்று நமக்கும் தெரியும். தாடி வைத்துக்கொள், வைத்துக்கொள்ளாமல் போ, அது உன் முகம். வழியில் யாராவது காலில் விழுந்தால் தாண்டிப் போய்விடு, உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருக்காதே. கல்யாணம் நின்றால் என்ன செய்வது என்று உன் அம்மா கேட்டாள். நின்றால் நிற்கட்டும் என்றேன். உனக்குப் பின்னால் மொபெட்டில் நான் வருவேன். தலையில் துண்டு இருக்காது, எந்த வண்டிக்குப் பின்னாலும் நிற்க மாட்டேன். ஒரு டப்பா நிறைய உப்பு வைத்திருப்பேன். டீக்கு நிறுத்துவேன், அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போளூர்க்காரருக்கும் இத்தோடு பதில் ஆயிற்று. ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டீர்களே ஐயா, என் பிள்ளை என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று விழுந்தேன். அவ்வளவுதான். அவன் சாமியாரும் இல்லை, சித்தரும் இல்லை. இதில் 'தாழ்மையுடன்' என்கிற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்து, விரலால் விரித்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் என் முதுகை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் உன் கண்கள் மூடியிருக்கின்றன. கரும்புச்சாறு வண்டிப் பக்கம் உன் முகம் திரும்பியபோதும் அவை மூடித்தான் இருந்தன, விழுகிற அவசரத்தில் நான்தான் கவனிக்கவில்லை.